சொல்லாத செலவு

அன்றைக்கு யார் யார் இருந்தோம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான்.

மகள் ஸ்டெல்லா. பதினாறு வயது. கதவு நிலையில் சாய்ந்து நின்றாள்.

மகன் ஜெரோம். பதினான்கு. அரிசி வாளியின் மூடிமேல் உட்கார்ந்திருந்தான்.

மனைவி புஷ்பம். போனுக்குள் இருந்தாள். போனைப் பால்மா டின்னில் சாய்த்து வைத்திருந்தோம். அவள் வேலை செய்கிற நாட்டில் அப்போதுதான் விடிந்துகொண்டிருந்தது.

பனியும் இருந்தது. எங்கள் லயத்து வரிசை வீட்டில் காலையில் கதவைத் திறந்தால் பனி கேட்காமல் உள்ளே வந்து கட்டில் ஓரத்தில் உட்காரும். அதையும் ஆள்கணக்கில் சேர்க்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை. கோயில் மணி இன்னும் அடிக்கவில்லை. கணக்குக் கொப்பி என் மடியில். பென்சில் காதில்.

"ஸ்டெல்லா. போன வாரம் ஐந்நூறு. என்னா செலவு?"

சொன்னாள். சாப்பிட பனிஸ் எண்பது. பேனா நாற்பது. போட்டோ கொப்பி அறுபது. அதோடு நிறுத்திவிட்டாள்.

நான் விரல் மடக்கிக் கூட்டினேன். நூற்றெண்பது.

"மிச்சம் முந்நூத்தி இருவது எங்க?"

தம்பியைப் பார்த்தாள். போனைப் பார்த்தாள். பிறகு வெளியே, ஒன்றும் தெரியாத வெள்ளையைப் பார்த்தாள்.

"செலவாயிருச்சுப்பா."

"எதுக்குன்னு கேட்டேன்."

பென்சிலை எடுத்தேன். அவள் பெயருக்கு நேரே எழுதினேன். அரைப்பேர்.

வீட்டுப் பெரட்டு

புஷ்பம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளிநாட்டு வேலைக்குப் புறப்பட்டுப் போனாள். அவள் போய் முதல் ஐந்தாறு மாதம் அனுப்பிய காசு எங்கே போனதென்று எங்களுக்கே தெரியாது. மணலில் ஊற்றின தண்ணீர் மாதிரி போனது. ஜெரோம் கூட்டாளிகளுக்கு ரோல்ஸ் வாங்கிக் கொடுத்தான். போனுக்கு டேட்டா போட்டான். ஸ்டெல்லா தலைக்குக் கிளிப் வாங்கினாள். ஒவ்வொரு நிறத்திலும் ஒன்று. நான் லொத்தர் பரிசுச் சீட்டு வாங்கினேன். எனக்கும் நிறங்கள் பிடிக்கும்.

ஒருநாள் புஷ்பம் கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. களைப்பாகக் கேட்டாள்.

"நான் இங்க ஊரான் புள்ளைய குளிப்பாட்டி அனுப்புற காசு. எங்க போவுதுன்னு மட்டும் சொல்லுங்க."



நான் ஐந்தாம் வகுப்புவரை படித்தவன். எனக்குத் தெரிந்த கணக்கு ஒன்றுதான். தோட்டத்துக் கணக்கு.

காலையில் பெரட்டு. எல்லோரும் வரிசையாக நிற்க வேண்டும். பெயர் கூப்பிட்டு வேலை பிரிப்பார்கள். மாலையில் செய்த வேலையைப் பார்த்து செக்ரோலில் பதிவார்கள். குறித்த அளவு செய்திருந்தால் ஒரு பேர். அதாவது ஒருநாள் சம்பளம் முழுதாக. குறைந்தால் அரைப்பேர். ஏன் குறைந்தது என்பதை எல்லோருக்கும் முன்னால் சொல்ல வேண்டும். சொன்னாலும் பெரும்பாலும் அரைப்பேர்தான்.

அதையே வீட்டில் வைத்தேன். பஸ்ஸுக்கு சீசன் டிக்கெட் தனியாக எடுத்துக் கொடுத்தாகிவிட்டது. அது போக ஆளுக்கு வாரம் ஐந்நூறு. அது முழுப்பேர். ஞாயிறு காலை எழுந்து நின்று எதற்குச் செலவு என்று சொல்ல வேண்டும். சொல்ல முடியாத காசோ வீண் செலவோ இருந்தால் அடுத்த வாரம் அரைப்பேர். இருநூற்றைம்பது. எனக்கும் அதே சட்டம். புஷ்பம்தான் துரை. போன் இருக்கிற இடத்துக்குத் துரை பங்களா என்று ஜெரோம் பெயர் வைத்தான்.

முதல் வாரம் அவனே மாட்டினான்.

"ரோல்ஸ் ஆறு."

"யாரு தின்னா?"

"நான் ஒன்னு. கூட்டாளிங்க அஞ்சு."

"காசு யாரு குடுத்தா?"

போனைக் காட்டினான். "தொர."

புஷ்பம் சிரித்தாள். அந்த நேரம் சிக்னல் போய்விட்டது. அவள் முகம் சிரித்தபடி அப்படியே நின்றது. நாங்கள் மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். யாரும் போனைத் தொடவில்லை. தொட்டால் போய்விடும்.

அவனுக்கு அடுத்தடுத்து மூன்று அரைப்பேர். நான்காவது வாரம் எனக்கே ஒன்று விழுந்தது. ஸ்டெல்லாதான் எழுதினாள். "அப்பா. லொத்தர். நூத்தி இருவது. அரைப்பேர்." அழகான கையெழுத்து. அந்த வாரம் வெற்றிலையைப் பாதியாகக் கிழித்துப் போட்டேன்.

பிறகு எல்லாம் ஒழுங்குக்கு வந்தது. ஜெரோம் போத்தலில் தண்ணீர் கொண்டு போனான். கிளிப்கள் போதும் என்றாள் ஸ்டெல்லா. வீட்டுக் காசு போட்டு வைக்கிற டின்னில் மிச்சம் விழுந்தது. டின்னை ஆட்டினால் முன்பு கலகலவென்று சில்லறைச் சத்தம். இப்போது தாள் உரசும் சத்தம். மெல்லிய சத்தம். எனக்குக் கேட்காது. ஜெரோம் சொல்லித்தான் தெரியும்.

என் காது

காதைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தேயிலைத் தொழிற்சாலையில் முதலில் நான் மேல்மாடியில் இருந்தேன். கொழுந்தை வாட வைக்கிற இடம். நீளத் தொட்டிகளில் கொழுந்து படுத்திருக்கும். அடியிலிருந்து காற்று வரும். பகல் போகப் போக கொழுந்து தளரும், வாசனை மாறும். பச்சை வாசனை போய்ப் பழ வாசனை வரும். அதில் நின்றால் கண் சொக்கும். நடந்துகொண்டே கனவு காணலாம். அந்த ஐந்து வருஷம் எனக்கு ஐந்து நாள் மாதிரி.

பிறகு கீழே இறக்கினார்கள். ரோலர் பக்கம். கொழுந்தை அரைத்துச் சுருட்டுகிற இயந்திரம். அதன் பக்கத்தில் இருபத்திரண்டு வருஷம். இப்போது உலகம் எனக்குத் தண்ணீருக்குள்ளிருந்து கேட்கிறது.

அதனால் நான் சத்தமாகப் பேசுவேன். எனக்கும் சத்தமாகத்தான் சொல்ல வேண்டும். புஷ்பம் பேசும்போதும் போன் சத்தத்தை முழுதாகக் கூட்டி வைப்போம். வீட்டில் இருப்பது அந்த ஒரு போன். பகலில் என் சட்டைப் பையில். மாலையில் ஜெரோமின் பாடத்துக்கு.

லயத்தின் சுவர் மெல்லியது. திங்கட்கிழமை வேலைக்குப் போகும் வழியில் அடுத்த காம்பிரா வீட்டுக்காரர் கேட்பார். "என்னா மாமா, ஜெரோமுக்கு இந்த வாரம் முழுப்பேராமே?"

அதை அப்போது பாராட்டு என்று நினைத்தேன்.

அதே தொகை

முதலில் சொன்ன அந்த ஞாயிற்றுக்கு அடுத்த மாதம், இன்னொரு ஞாயிறு. மறுபடியும் ஸ்டெல்லாவின் கணக்கில் ஓட்டை. மறுபடியும் முந்நூற்று இருபது. அதே தொகை என்று எனக்கு உறைக்கவில்லை. எண்ணைப் பார்த்தேன். எண்ணுக்குப் பின்னால் பார்க்கவில்லை.

ஜெரோம் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"அக்கா யாருக்கோ போன் ரீலோட் போடுது போல."

சீப்பு பறந்து வந்தது. அவன் குனிந்துகொண்டான்.

எனக்கு அந்தப் பேச்சு உள்ளே இறங்கிவிட்டது. கேட்டேன். என் சத்தத்தில் கேட்டேன். யாராவது பையனா என்று. எட்டுக் காம்பிராவுக்கும் கேட்டிருக்கும்.

"இல்லப்பா."

அவ்வளவுதான் சொன்னாள். அழவில்லை. அவள் என்னைப் போல.

புஷ்பம், தான் அப்புறம் கேட்பதாகச் சொன்னாள். எந்த அப்புறம்? அவள் பேசுவது என் போனில். முழுச் சத்தத்தில். ஞாயிறு காலையில்.

எழுதினேன். இரண்டாவது அரைப்பேர்.

மூன்றாவது மாதம் எல்லாம் சரியாக வந்தது. ஒவ்வொரு வாரமும் ஸ்டெல்லா கடைசி ரூபாய்வரை கணக்குச் சொன்னாள். ஒரு வாரம் நாற்பது ரூபாயைத் திருப்பி டின்னில் போட்டாள். நான்காவது மாதமும் அப்படித்தான் தொடங்கியது. எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. போனைப் பார்த்துச் சொன்னேன்.

"மக படிச்சிட்டா."

புஷ்பம் சிரிக்கவில்லை.

"அவள கொஞ்சம் கிட்ட வரச் சொல்லுங்க."

ஸ்டெல்லா போன் அருகே போய்க் குனிந்தாள். அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். படம் நின்றுவிட்டது. இந்த முறை சிரிக்காத முகம்.

தெமோதரை ரயில்

எங்கள் மலையில் ரயிலுக்கு ஒரு வழக்கம் உண்டு. பதுளைக்குப் போகிற ரயில் முதலில் மேலே கேட்கும். தெமோதரை ஸ்டேஷனில் நின்று புறப்படும். பிறகு மலையைச் சுற்றிக்கொண்டு போகும். சத்தம் காணாமல் போகும். புதிதாக வந்தவர்கள் ரயில் போய்விட்டதென்று நினைப்பார்கள். போகாது. சுற்றி இறங்கி, அதே ஸ்டேஷனுக்கு அடியில் சுரங்கத்துக்குள் புகுந்து மறுபக்கம் வரும்.

எனக்கு ரயில் சத்தம் மட்டும் இன்னும் கேட்கிறது. காதால் அல்ல. காலடியில் தரை சொல்லும்.

ஸ்டெல்லா சின்னவளாக இருந்தபோது பனியில் என் விரலைப் பிடித்துக்கொண்டு ரயிலுக்காக நிற்பாள். மேலே கேட்டவுடன் கைதட்டுவாள். காணாமல் போனதும் முகம் வாடும். பொறு என்பேன். பொறுப்பாள். கீழே சத்தம் வந்ததும் என்னை நிமிர்ந்து பார்ப்பாள். நானே ரயிலைத் திருப்பிக் கொண்டுவந்த மாதிரி.

மிஸ் பேசினார்

நான்காவது மாதத்தில் ஒரு வேலைநாள். தேநீர் நேரம். சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. பண்டாரவளையிலிருந்து ஸ்டெல்லாவின் வகுப்பு மிஸ். ரோலரை விட்டு வெளியே ஓடி வந்தேன். சத்தமாகச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

"ஸ்டெல்லா போன மாசம் நாலு நாள் வரல்லங்க. இந்த மாசம் இன்னையோட மூனு நாள். சோதனைக்குக் கொஞ்ச நாள்தான் இருக்கு. வீட்ல ஏதும் பிரச்சினையா?"

இல்லை என்றேன். விசாரிக்கிறேன் என்றேன்.

நான் ஆறு மணிக்கு வேலைக்குப் போகிறவன். ஜெரோம் கூட்டாளிகளோடு முன்னாலேயே பஸ்ஸுக்கு ஓடிவிடுவான். கடைசியில் கதவைப் பூட்டுகிறவள் ஸ்டெல்லா. அவள் பூட்டாமல் வீட்டிலேயே இருந்திருக்கிறாள்.

சாதாரண தரப் பரீட்சை எழுதப் போகிற பிள்ளை. எங்கள் வீட்டில் அதுவரை போன ஆள் கிடையாது. புஷ்பம் விமானம் ஏறியதே அதற்குத்தான்.

அரைநாள் லீவு சொல்லிவிட்டு இறங்கினேன். மனதில் ஜெரோம் சொன்ன ரீலோட்தான் ஓடியது. ரீலோட் போட பஸ் நிற்கிற சந்தியில் ஒரே ஒரு கடை. அங்கே போனேன்.

கடைக்காரர் முஸ்லிம். நாங்கள் நானா என்போம். கேட்டேன். என் மகள் இங்கே யாரோடாவது நிற்கிறாளா, யாருக்காவது ரீலோட் போடுகிறாளா.

நானா தராசுத் தட்டைத் துடைத்தார். துடைத்த தட்டையே திரும்பத் துடைத்தார். பிறகு உள்ளே பார்த்து மனைவியைக் கூப்பிட்டார். அந்த அம்மாவை எல்லோரும் தாத்தா என்போம். அவர்கள் வீட்டில் அக்காவுக்கு அதுதான் சொல்.

தாத்தா திரையை விலக்கி வந்தார். எனக்குக் காது மந்தம் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் சத்தத்தைக் கூட்டவில்லை. என் காதருகே வந்தார்.

"ஒங்கட மகள் மாசத்துக்கு ஒரு தரந்தான் வாற. நானா இல்லாத நேரம் பார்த்து வருவா. மாச நாளுக்கு பேட் ரெண்டு பக்கெட். பேப்பர்ல சுத்திக் குடுப்பேன். முந்நூத்தி இருவது."

திரையை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார்.

"இப்ப ரெண்டு மாசமா வாறல்ல."

இருபத்திரண்டு வருஷத்தில் நான் கேட்ட மிக மெல்லிய சத்தம் அது. ஒரு எழுத்துகூடத் தவறவில்லை.

புஷ்பம் போகும்போது அதை வாங்கி வீட்டு அலமாரிக்குள் அடுக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அது தீர்ந்திருக்கிறது. மகள் தன் ஐந்நூறில் வாங்கியிருக்கிறாள். நான் எழுந்து நிற்க வைத்து எதற்கு என்று கத்தியிருக்கிறேன். இரண்டு முறை. பிறகு அவள் வாங்குவதை நிறுத்திவிட்டாள். அந்த நாட்களில் பள்ளிக்கூடம் போவதையும் நிறுத்திவிட்டாள். கணக்கு நேராகிவிட்டது.

அவள் சிக்கனம் படித்துவிட்டாள். நான் படிப்பித்தது அதைத்தான்.

பலாப்பழம்

வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு போக்கு உண்டு, பாதைக்கு அடியில் ஓடைத் தண்ணீர் போகிற சின்னப் பாலம். அதன் ஓரச் சுவர்மேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். பனி இறங்கிக்கொண்டிருந்தது. முன்னால் பாதை இல்லை. பின்னால் பாதை இல்லை. அப்போது ஒரு பழைய மாலை நினைவுக்கு வந்தது.

எனக்கு இருபது வயது. கவ்வாத்து வேலை. தேயிலை மரத்தை மட்டமாக வெட்டுவது. முதல்நாள் ஒரு ஞானஸ்நான வீட்டில் பலாப்பழம் தின்றிருந்தேன். அளவு தெரியாமல் தின்றேன். மறுநாள் வயிறு என் பேச்சைக் கேட்கவில்லை. ஓடைப் பக்கம் ஏழு தரம் போனேன். குறித்துக் கொடுத்த மரங்களில் பாதிதான் முடிந்தது.

மாலையில் கொழுந்து நிறுக்க பெண்கள் எல்லோரும் வந்து நிற்கிற நேரம். கணக்கப்பிள்ளை கேட்டார்.

"ஏன்டா மரம் கொறையுது?"

எப்படிச் சொல்வது? நின்றேன்.

"மரத்தோட பேசிக்கிட்டு இருந்தியா?"

பெண்கள் சிரித்தார்கள். என் காதெல்லாம் சுட்டது. அப்போது எனக்கு நல்ல காது. ஒவ்வொரு சிரிப்பும் தனித்தனியாகக் கேட்டது. அரைப்பேர் போட்டார். சம்பளம் குறைந்ததை அந்த மாதத்தோடு மறந்துவிட்டேன். வாய் திறக்க முடியாமல் நின்றதை மறக்கவில்லை.

சிரித்தவர்களில் புஷ்பமும் இருந்தாள். கல்யாணம் முடிந்து, ஸ்டெல்லா பிறந்த பிறகுதான் அவளிடம் காரணத்தைச் சொன்னேன். அவள் மறுபடியும் சிரித்தாள்.

மடியில் தாத்தா பேப்பரில் சுற்றிக் கொடுத்த பொட்டலம் இருந்தது. எழுந்து நடந்தேன்.

பீலியடியில்

லயத்துக்குப் பின்னால் பீலி. மலையிலிருந்து குழாயில் தண்ணீர் கொட்டுகிற இடம். ஸ்டெல்லா அங்கே துணி அலசிக்கொண்டிருந்தாள். பனிக்குள் முதலில் அவள் முதுகு மட்டும் தெரிந்தது. அந்த நேரத்தில் நான் வருவேன் என்று எதிர்பார்க்கவில்லை. என்னைக் கண்டதும் வாளியைப் பின்னால் தள்ளி மறைத்தாள்.

நான் மலையைப் பார்த்தேன். மலையும் தெரியவில்லை.

பொட்டலத்தைக் கல்லின்மேல் நனையாத பக்கத்தில் வைத்தேன். அவள் அந்தப் பேப்பரைப் பார்த்தாள். அந்தச் சுற்றை அவளுக்குத் தெரியும்.

"அரைப்பேர் ரெண்டும் தப்பு. என்னோட தப்பு."

"அப்பா, மெதுவா பேசுங்க."

மெதுவாகப் பேசியதாகத்தான் நான் நினைத்திருந்தேன். வாயை மூடிக்கொண்டேன். தண்ணீர் கொட்டியது. கொஞ்சம் பக்கத்தில் போய், மூச்சை அடக்கி, பலாப்பழக் கதையைச் சொன்னேன். ஏழு தரம் என்று வந்தபோது அவள் தோள் குலுங்கியது. அழுகை என்று பயந்தேன். சிரிப்பு. கொஞ்சம் அதுவும் கலந்திருக்கலாம். பனியில் சரியாகத் தெரியவில்லை.

"நாளைக்கு ஸ்கூலுக்கு போ."

தலையாட்டினாள்.

மறுநாள் அவள் கதவைப் பூட்டிவிட்டுப் போனாள். மாலையில் மிஸ்ஸுக்குப் போன் செய்து கேட்டேன். வந்திருந்தாள்.

மறுபடியும் ஞாயிறு

அதே ஆட்கள். நான். நிலையில் ஸ்டெல்லா. அரிசி வாளிமேல் ஜெரோம். போனுக்குள் புஷ்பம், விடியலோடு. பனியும் வந்து உட்கார்ந்தது.

பெரட்டு தொடங்கும்முன் இரண்டு அரைப்பேருக்கும் வெட்டின காசை எடுத்து ஸ்டெல்லா கையில் வைத்தேன். கொப்பியைத் திறந்தேன். அடிமட்டம் வைத்து ஒரு கோடு போட்டேன். கோட்டுக்குக் கீழே புதிதாக ஒரு வரி எழுதினேன். சொல்லாத செலவு.

சட்டத்தையும் சொன்னேன். இந்த வரிக்குத் தொகை மட்டும் சொன்னால் போதும். எதற்கு என்று யாரும் கேட்கக் கூடாது. இந்தக் காசு ஐந்நூறில் சேராது. டின்னிலிருந்து தனியாக வரும்.

ஜெரோம் யோசித்தான். "அப்பாவுக்கும் உண்டா? லொத்தருக்கு?"

"இல்ல."

"எனக்கு?"

"உண்டு. பார்த்துச் சொல்லு."

அவன் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தான். இந்த வாரம் ஒன்றும் இல்லை என்றான். அவனை நம்பினேன்.

புஷ்பம் எதுவும் கேட்கவில்லை. அந்த வரியை எழுதிய கொப்பியைப் போனுக்கு நேரே பிடிக்கச் சொன்னாள். பிடித்தேன். வெகுநேரம் பார்த்தாள். பிறகு போன் சத்தத்தைக் குறைக்கச் சொன்னாள். குறைத்துப் போனை மகள் கையில் கொடுத்தேன். ஸ்டெல்லா அதைக் காதில் வைத்துக்கொண்டு பனிக்குள் போனாள். அவர்கள் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது.

தரை அதிர்ந்தது. மேலே ரயில். நின்றது. புறப்பட்டது. காணாமல் போனது.

ஸ்டெல்லா திரும்பி வந்தாள். நிலையில் சாயவில்லை. நேராக என்னிடம் வந்து காதருகே குனிந்து மெல்லச் சொன்னாள். கேட்டது. எழுதினேன்.

முந்நூற்று இருபது.